டேலிக்கு பில் இருக்கா?

வீட்டில் பி.காம் படிக்கும் பையன் ஒருத்தன் இருந்தால் போதும், சொந்தக்காரங்க கடைக்கெல்லாம் அவன்தான் ஆடிட்டர். எனக்கும் அப்படி ஒரு வேலை வந்தது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருத்தர், "தம்பி, மார்ச் கணக்கை கொஞ்சம் பார்த்துக் கொடுப்பா" என்றார். போய் உட்கார்ந்தேன். பெயிண்ட், பைப், ஆணி எல்லாவற்றுக்கும் பில் இருந்தது. டீ செலவுக்குக் கூட துண்டுச் சீட்டு வைத்திருந்தார். சொத்துப் பட்டியல் எழுதும்போது கம்ப்யூட்டர் வந்தது, பிரிண்டர் வந்தது. "அண்ணே, டேலிக்கு பில்?" என்று கேட்டேன்.

சிரித்தார். "அது கம்ப்யூட்டர் மாட்டின பையன் சும்மா ஏத்திக் கொடுத்ததுப்பா."

நான் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. என் லேப்டாப்பில் இருந்ததும் அதே கிராக் வெர்ஷன்தான், ஹி ஹி.

ஆனால் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. வவுச்சர் போடாமல் ஒரு ரூபாயைக் கூட நகர்த்த முடியாத சாஃப்ட்வேர் அது. அதுக்கே வவுச்சர் இல்லை!

திருட்டு சினிமா பற்றி எல்லாரும் எழுதி ஓய்ந்தாச்சு. படம் என்றால் பார்த்தோம், மறந்தோம். சாஃப்ட்வேரை வைத்து தினமும் பிழைப்பே நடத்துகிறோம். சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. 1957-ம் வருட பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு. திருட்டு காப்பி என்று தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் சிறை. கூடவே 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். காப்பி போட்டு விற்க வேண்டியதில்லை, பயன்படுத்தினாலே போதும். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால் கோர்ட் சிறையைத் தவிர்த்து, 50,000 வரை அபராதத்தோடு விடலாம். அண்ணனுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

"விலை கட்டுப்படியாகாதுப்பா" என்பார்கள். ஒருத்தர் மட்டும் பயன்படுத்தும் லைசென்ஸே இருபதாயிரத்துக்கு மேல், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சின்னக் கடைக்குப் பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் நாம படித்த கணக்கையே போட்டுப் பார்ப்போமே. அந்த ஜி.எஸ்.டி., அண்ணன் கடைக்கு இன்புட் கிரெடிட்டாகத் திரும்பி வரும். மிச்சத்துக்கு வருமான வரியில் 40 சதவீத தேய்மானம் உண்டு. மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்கு மாத வாடகைத் திட்டமும் இருக்கிறது. சும்மா வந்ததுக்கு இதில் எதுவுமே கிடையாது. மாறாக, ஜி.எஸ்.டி. விதி மாறும்போதெல்லாம் புது கிராக் கேட்டு அந்தப் பையனுக்கு போன் போட வேண்டும். வந்தால் 500 ரூபாய். அதுக்கு பில்? அதுவும் இல்லை :-)

இன்னொரு வாதமும் உண்டு. கிராக் காப்பி இருந்ததால்தானே ஊர் முழுக்க டேலி பரவியது, கம்பெனிக்கு லாபம்தானே என்பது. இருக்கலாம். 1998-ல் பில் கேட்ஸே சீனாவைப் பற்றிப் பேசும்போது, திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும் என்கிற மாதிரி சொன்னார். ஆனால் கடன் தள்ளுபடியை கடன் கொடுத்தவன் சொல்ல வேண்டும். வாங்கினவன் சொல்லிக்கொள்ள முடியுமா?

அண்ணனுக்காவது விலை என்ற சாக்கு இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை. மாணவர்களுக்காக எஜுகேஷனல் மோட் என்று இலவசமாகவே கொடுக்கிறார்கள். மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும், அவ்வளவுதான். நம்ம பாடப்புத்தகத்தில் ராமு 1-ந் தேதி தொழில் தொடங்கினால் என்ன, 17-ந் தேதி தொடங்கினால் என்ன? பிறகு ஏன் கிராக்? டேலி சொல்லிக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டரில் முதல் நாளே பென்டிரைவில் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்கக் கூடத் தோன்றவில்லை. வகுப்பில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும் தெரியவில்லை. ஃபீஸுக்கு மட்டும் ஒழுங்காக ரசீது கொடுத்தார்கள்.

சி.ஏ. எழுத வேண்டும் என்று ஆசை எனக்கு. நாளைக்கு ஒருத்தர் கடையில் உட்கார்ந்து "இதுக்கு பில் எங்கே?" என்று கேட்கிற வேலை அது. போன வாரம் கிராக்கை எடுத்துவிட்டு எஜுகேஷனல் மோடுக்கு மாறிவிட்டேன். அண்ணனிடம் வாடகைத் திட்டம் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தீபாவளி போகட்டும், பார்க்கலாம்ப்பா" என்றார்.