கையெழுத்து யார் யார் போட வேண்டும்?

போன மாதம் ஒரு சாயங்காலம், பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு தம்பதி என்னைத் தேடி வந்தார்கள். அந்தப் பெண்ணின் கையில் ஒரு மஞ்சள் பை, பை நிறையப் பத்திரங்கள். நாற்காலியில் உட்காருவதற்குள் கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினோம் அக்கா. ஒண்ணுமே இல்லை. இப்போ யாரோ ஒரு அம்மா வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்காங்க, அந்த வீட்டிலே தனக்கும் பங்கு இருக்காம்!"

கிரயப் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தேன். அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. மனைவி முன்னமே போய்விட்டார். அவரும் உயில் எழுதாமல் காலமானார். மூன்று மகன்கள் கையெழுத்துப் போட்டு விற்றிருக்கிறார்கள். நோட்டீஸ் விட்டவர் அவர்களுடைய அக்கா. கல்யாணமாகி வெளியூர் போனவர்.

"பொண்ணு இருக்கான்னு கேட்கலையா?"

"ரேஷன் கார்டைக் காட்டினாங்க. அதிலே மூணு பிள்ளைங்க பேருதான் இருந்தது" என்றார் கணவர்.

கல்யாணமானதும் ரேஷன் கார்டிலிருந்து பெண்ணின் பெயரை எடுத்துவிடுகிறோம். அதனால் அப்பா சொத்திலிருந்து பெயர் போய்விடுமா? மூன்று பேர் விற்றது தங்கள் முக்கால் பங்கைத்தான். மீதிக் கால் பங்கு இன்னும் அந்த அக்காவுடையதே. நகையை விற்று, சீட்டு எடுத்து வாங்கிய வீட்டில் இவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது.

சகோதரிகளே, வில்லங்கச் சான்று அவசியம்தான். பதிவுத்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே பார்த்துக் கொள்ளலாம். ஆனால் பதிவான பத்திரங்கள் மட்டுமே அதில் வரும். பதியாத உயில், நடந்து கொண்டிருக்கும் கோர்ட் வழக்கு, கையெழுத்துப் போடாத வாரிசு - இவை எதையும் அது சொல்லாது. அதனால் 'என்ன வில்லங்கம்?' என்று கேட்பதோடு, 'யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்?' என்றும் கேளுங்கள். எனக்கு வந்த கடிதங்களில் மூன்று இதைப் பற்றியவைதான்.

"அப்பா வீட்டை அண்ணன் விற்கிறார். 'நீ வந்து சும்மா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்' என்கிறார். போடலாமா?" - சேலம் வாசகி

சும்மா போடுகிற கையெழுத்து என்று ரிஜிஸ்டர் ஆபீஸில் ஒன்று கிடையாது, அம்மா. பத்திரத்தின் நகலை முதல் நாளே வாங்கிப் படியுங்கள். உங்கள் பெயர் எங்கே வருகிறது? விற்பவர் வரிசையிலா, விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பவராகவா, சாட்சியாகவா? மூன்றுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

வீடு அப்பாவின் சுயார்ஜிதமாக இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பிதுரார்ஜிதச் சொத்து என்றால், 9-9-2005 முதல் அமலான திருத்தத்தின்படி மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட் 11-8-2020-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் 20-12-2004-க்கு முன்பே முறைப்படி பாகப்பிரிவினையோ விற்பனையோ நடந்திருந்தால் அதைக் கலைக்க முடியாது.

கல்யாணத்துக்குப் போட்ட நகை இந்தப் பங்குக்கு ஈடாகிவிடாது. அண்ணன் கஷ்டப்படுகிறார், பங்கு வேண்டாம் என்று நீங்களே நினைத்தால் தாராளமாக விட்டுக் கொடுங்கள், அது உங்கள் மனசு. என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். வேண்டுமென்றால் விற்பவர்களில் ஒருவராகக் கையெழுத்திட்டு, பங்குத் தொகையை உங்கள் பெயரிலேயே டிராப்டாக வாங்கிக் கொள்ளுங்கள்.

(நான் சொன்னது இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்கு வாரிசுச் சட்டம் வேறு. அங்கும் மகளுக்குப் பங்கு உண்டு. அவளை விட்டுவிட்டு எழுதும் கிரயத்தில் அதே தொல்லைதான்.)

"கணவர் தவறிவிட்டார். அவர் பெயரில் வீடு. பிள்ளைகளுக்கு 13, 9 வயது. வீட்டை விற்றுக் கடனை அடைக்கச் சொல்கிறார் மைத்துனர். பிள்ளைகளுக்காக நானே கையெழுத்துப் போடலாமா?" - திண்டுக்கல் வாசகி

படித்ததும் மனசு கனத்தது, தங்கச்சி. ஆனாலும் அவசரப்படாதே.

அது உன் கணவர் சுயமாகச் சம்பாதித்த வீடு, உயிலும் இல்லை என்றால், நீ, இரண்டு பிள்ளைகள், மாமியார் இருந்தால் அவர் - ஆக நான்கு சமபங்கு. உன் பங்கை நீ விற்கலாம். மைனர் பிள்ளைகளின் பங்கை விற்பதற்கு, பெற்ற தாயாகவே இருந்தாலும், கோர்ட்டின் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றால், பிள்ளைகள் மேஜரானதும், 18 வயதிலிருந்து மூன்று வருஷத்துக்குள், அந்தக் கிரயத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். விஷயம் தெரிந்த யாரும் இப்படிப்பட்ட வீட்டை நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள். அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள்தான் வருவார்கள்.

மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடு. கடன், படிப்புச் செலவு, விற்பதால் பிள்ளைகளுக்கு என்ன நன்மை என்று எடுத்துச் சொன்னால் அனுமதி கிடைக்கும். பிள்ளைகளின் பங்கை அவர்கள் மேஜராகும் வரை பாங்கில் டெபாசிட் போடச் சொல்வது வழக்கம். அது உனக்கும் ஒரு காவல். அந்தப் பணத்தை யாரும் கைமாற்றுக் கேட்க முடியாதல்லவா? வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், மாவட்டக் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போ. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாகவே உதவுவார்கள்.

"மூன்று லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கினோம். பதியவில்லை. இப்போது விலையை ஏற்றிக் கேட்கிறார்." - தாம்பரம் வாசகி

தமிழ்நாட்டில் 1-12-2012 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். அதற்காக உங்கள் காகிதம் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில், பதியாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாகப் பார்க்கலாம் என்று 2023-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. பணம் போனதற்கான பாங்கு ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு, உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து மூன்று வருஷம்தான் கெடு. ஆனால் 'இன்று வா, நாளை வா' என்பதைக் கேட்டுச் சும்மா இருந்தால், கெடுவுக்கு முன்பே கேஸ் பலவீனமாகிவிடும்.

இனி அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள், பாங்கு மூலமாகவே கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. ஒப்பந்தத்தில் ஒருவர் மட்டும் போதாது, பங்கு உள்ள அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும்.

வீடு பார்க்கப் போகும்போது மறக்காமல் கேட்க வேண்டியவை: அசல் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று. உரிமையாளர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழும், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழும். அதிலுள்ள பெயர்களைக் கிரயப் பத்திரத்துப் பெயர்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். அப்புறம் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இரண்டு நிமிஷம் பேசுங்கள். "அவருக்கு எத்தனை பசங்க பாட்டி? பொண்ணு எங்கே கட்டிக் கொடுத்திருக்கு?" என்று கேட்டால், எந்த ஆபீஸிலும் கிடைக்காத தகவல் கிடைக்கும்.

ஒரு சின்ன நல்ல செய்தி: 1-4-2025 முதல், பத்து லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.

மஞ்சள் பைப் பெண்ணின் கதை என்ன ஆயிற்று என்கிறீர்களா? அந்த அக்காவை நேரில் பார்த்துப் பேசினோம். கெட்டவர் இல்லை. "வாங்கினவங்க மேலே எனக்குக் கோபம் இல்லீங்க. தம்பிங்க ஒரு வார்த்தை சொல்லலையே, அதுதான் வயிறு எரியுது" என்றார். தம்பிகள் அவர் பங்குப் பணத்தைக் கொடுத்தால், தன் கால் பங்குக்கு இவர்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். தம்பிகள் இன்னும் பிடி கொடுக்கவில்லை. பேச்சு நடந்து கொண்டிருக்கிறது. ஆரம்பத்திலேயே அவரையும் கூப்பிட்டிருந்தால், இந்த அலைச்சலும் இல்லை, அழுகையும் இல்லை.

அடுத்த இதழில், உயில் எழுதுவது பற்றி வந்த கடிதங்களைப் பார்ப்போம்.