"அங்க எச்.எம். எப்படி?": மார்க் போட வேண்டியது யார்?

ஜூன் பிறந்தால் பெற்றோருக்கு பள்ளிக்கூட கவலையும் பிறந்து விடும். கட்டிட வேலைக்கு போகிறவர், பனியன் கம்பெனிக்கு போகிறவர், ஆட்டோ ஓட்டுபவர் என யாராக இருந்தாலும், அரசு பள்ளியில் பிள்ளையை சேர்க்கும் முன் அக்கம்பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி, "அங்க எச்.எம். எப்படி?" என்பதுதான்.

கட்டிடம் எப்படி, கம்ப்யூட்டர் இருக்கா என்பதெல்லாம் அப்புறம். தலைமை ஆசிரியர் சரியா இருந்தா பள்ளிக்கூடம் தானா சரியாயிடும் என்பது ஜனங்களின் கணக்கு.

ஆனால் அந்த தலைமை ஆசிரியர் எப்படிப்பட்டவர், பள்ளியை எங்கே கொண்டுபோக நினைக்கிறார் என்பதை அரசு எதை வைத்து அளக்கிறது? இங்கேதான் சிக்கல். இதுபற்றிய விவரம் வருமாறு:-

சீனியாரிட்டி நாற்காலி

தமிழக அரசு பள்ளிகளில் தலைமை ஆசிரியர் பதவி பெரும்பாலும் பணிமூப்பு அடிப்படையிலான பதவி உயர்வில்தான் கிடைக்கிறது. பட்டியலில் பெயர் வர வேண்டும். கலந்தாய்வில் இடத்தை தேர்வு செய்ய வேண்டும். "இந்த பள்ளியை எப்படி நடத்த போறீங்க?" என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

இந்த முறையில் ஒரு நியாயமும் இருக்கிறது. சிபாரிசு, பணம் என்று குறுக்கு வழியில் நாற்காலியை பிடிக்க முடியாது. ஆசிரியர் சங்கங்கள் பணிமூப்பை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

ஆனால் கணக்கை நன்றாக நடத்துகிறவர் பள்ளியையும் நன்றாக நடத்துவார் என்று எந்த கட்டாயமும் இல்லை. பலருக்கு 50 வயதை தாண்டிய பிறகே பதவி கிடைக்கிறது. ஓய்வு வயது 2020-ல் 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டும், "நாலு வருஷம், மூணு வருஷம்" என்று நாட்களை எண்ணியபடி வருகிறவர்களும் உண்டு.

இதற்கிடையே 2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கிய தீர்ப்பு அளித்தது. 8-ம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்களில், ஓய்வுபெற 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் 2 ஆண்டுக்குள் 'டெட்' தேர்வில் பாஸ் ஆக வேண்டும், பதவி உயர்வுக்கும் 'டெட்' தேர்ச்சி அவசியம் என்பதே அந்த தீர்ப்பு. ஆசிரியர்கள் மத்தியில் இது பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது.

ஆனால் 'டெட்' என்பது 150 கேள்விகள் கொண்ட தேர்வு. பாட அறிவையும் குழந்தை உளவியலையும் சோதிக்கும். வகுப்புக்கு அது பொருந்தும். 20 ஆசிரியர்களை கட்டி மேய்க்க தெரியுமா என்பதை அதில் கண்டுபிடிக்க முடியாது.

ரிசல்ட் என்ற ஒரே அளவுகோல்

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தலைமை ஆசிரியருக்கு கிடைக்கும் மார்க் எது? பொதுத்தேர்வு ரிசல்ட்தான். 100 சதவீதம் வந்தால் பாராட்டு விழா. சரிந்தால் மாவட்ட அதிகாரி மீட்டிங்கில் எல்லோர் முன்னிலையிலும் டோஸ்.

2025-ல் 10-ம் வகுப்பில் மாநில அளவில் 93.80 சதவீதம் பேரும், பிளஸ்-2 தேர்வில் 95.03 சதவீதம் பேரும் பாஸ் ஆனார்கள். ஏறக்குறைய எல்லோருமே 90-ஐ தாண்டி நிற்கும்போது, 94 வாங்கிய பள்ளியின் தலைமை ஆசிரியரை விட 97 வாங்கிய பள்ளியின் தலைமை ஆசிரியர் கெட்டிக்காரர் என்று எப்படி சொல்ல முடியும்?

செங்கல் சூளை பிள்ளைகள் படிக்கும் பள்ளியையும், அரசு ஊழியர் குடியிருப்பு பக்கத்து பள்ளியையும் ஒரே தராசில் நிறுத்துவதும் நியாயம் ஆகாது.

அதைவிட ஆபத்து ஒன்று இருக்கிறது. ரிசல்ட் குறைந்துவிடும் என்று பயந்து, சுமாராக படிக்கும் மாணவர்களை 9-ம் வகுப்பிலேயே தட்டிக்கழிக்கும் வேலை நடப்பதாக நீண்டகாலமாகவே புகார் உள்ளது. அப்படி செய்தால் சதவீதம் ஏறும். பையன் டீக்கடைக்கோ, ஒர்க்ஷாப்புக்கோ போய்விடுவான். ரிசல்ட் பட்டியலில் அந்த பையனின் பெயரே இருக்காது.

மாநில அளவில் முதலிடம், 2-ம் இடம் என்று மாணவர்களுக்கு ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை 2017-ல் தமிழக அரசே நிறுத்தியது. மாணவர்களை விட்ட ஓட்டப்பந்தயம் தலைமை ஆசிரியர்களை மட்டும் விடவில்லை.

தனக்கு தானே மார்க்

வேறு அளவுகோலே இல்லையா என்றால், இருக்கிறது. மத்திய அரசு 2015-ல் 'ஷாலா சித்தி' என்ற பள்ளி மதிப்பீட்டு திட்டத்தை கொண்டு வந்தது. இதில் 7 பகுதிகள், 46 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 3 நிலைகள். பள்ளி தலைமைக்கு என்று தனி பகுதியே இருக்கிறது. பள்ளிக்கு ஒரு இலக்கு வைத்திருக்கிறாரா, மாற்றத்தை கொண்டு வருகிறாரா, கற்பித்தலை முன்நின்று நடத்துகிறாரா என்பதெல்லாம் அதில் வருகிறது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் முதல் கட்டத்தில் மதிப்பீடு செய்து பதிவேற்ற வேண்டியது அதே பள்ளிதான். பரீட்சை எழுதுபவரே பேப்பர் திருத்துவது மாதிரி.

வெளியாட்கள் வந்து மதிப்பிட்டால் சரியாகி விடுமா? அதற்கும் மத்திய பிரதேசத்தில் பதில் கிடைத்துவிட்டது. இதே பாணி திட்டம் ஒன்று அங்கே குலுக்கல் முறையில் தேர்வான 1,774 பள்ளிகளில் அமல்படுத்தப்பட்டது. பொருளாதார நிபுணர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங் ஆகியோர் அதை ஆய்வு செய்து 2020-ல் முடிவை வெளியிட்டனர்.

மதிப்பீடு ஒழுங்காக நடந்தது. போட்ட மார்க்கும் ஓரளவு உண்மை நிலையை காட்டியது. பள்ளிவாரியாக முன்னேற்ற திட்டமும் எழுதப்பட்டது. ஆனால் பள்ளி நடக்கும் விதத்திலும் மாற்றம் இல்லை, பிள்ளைகளின் படிப்பிலும் மாற்றம் இல்லை. மார்க் போட்ட பிறகு கேள்வி கேட்கவும் ஆள் இல்லை, உதவி செய்யவும் ஆள் இல்லை. எல்லாம் பேப்பரோடு நின்றுபோனது. அப்படியும் அந்த பாணி திட்டம் நாடு முழுவதும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது என்பதுதான் வேடிக்கை.

பேச்சு கொடுத்து அளந்தார்கள்

வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வேறு வழியை பிடித்தனர். இந்தியா உள்பட 8 நாடுகளில் 1,800-க்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலை பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களிடம் பேச்சு கொடுத்தனர். "ஒரு பிள்ளை பின்தங்கினால் உங்களுக்கு எப்படி தெரிய வரும்?", "தெரிந்த பிறகு என்ன செய்வீர்கள்?" என்கிற ரீதியில் கேள்விகள். ஆம், இல்லை என்று தப்பிக்க முடியாது. தங்களுக்கு மார்க் போடப்படுவதும் அவர்களுக்கு தெரியாது.

2015-ல் வெளியான இந்த ஆய்வில், நிர்வாகத்தில் நல்ல மார்க் வாங்கிய பள்ளிகளில் பிள்ளைகளின் படிப்பும் நன்றாக இருப்பது தெரிய வந்தது. 8 நாடுகளில் இந்தியாவுக்கு கிடைத்தது கடைசி இடம்.

அமெரிக்காவில் 1980-களிலேயே பிலிப் ஹாலிங்கர் என்ற பேராசிரியர் 50 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை தயாரித்தார். தலைமை ஆசிரியர் மட்டுமின்றி அவருக்கு கீழே வேலை பார்க்கும் ஆசிரியர்களும் அதை நிரப்புவார்கள். தனக்கு தானே போட்டுக்கொள்ளும் மார்க்குக்கும், கீழே இருப்பவர்கள் போடும் மார்க்குக்கும் உள்ள இடைவெளியை பார்த்தாலே பாதி கதை புரிந்துவிடும்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

இங்கேயும் அதற்கு வழி இருக்கிறது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமை சட்டப்படி பள்ளி மேலாண்மை குழுவில் 75 சதவீதம் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதி பேர் பெண்கள். தமிழகத்தில் 2024-ல் இந்த குழுக்கள் புதுப்பிக்கப்பட்டன. ஆனால் பல இடங்களில் கூலி வேலையை விட்டுவிட்டு வருகிற அம்மாக்கள், நோட்டில் கையெழுத்து போட்டு, டீயை குடித்துவிட்டு கிளம்புவதோடு சரி.

அவர்களே கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. ஒரு பிள்ளை 10 நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் போகிறதா? தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் போய் பாடத்தை கவனிக்கிறாரா, இல்லை ரூமிலேயே இருக்கிறாரா? பெண் பிள்ளைகள் கழிவறைக்கு தண்ணீர் வருகிறதா? எழுத்து கூட்டி படிக்க தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் சட்டென்று பதில் வருகிறதா?

இதற்கு வருகிற பதிலில் ஒரு தலைமை ஆசிரியரின் பார்வை தெரிந்துவிடும். ரிசல்ட் பேப்பர் தேவை இல்லை.

மறுபக்கமும் உண்டு

அதேநேரம் தலைமை ஆசிரியர் தலையில் மட்டும் பழியை போடுவதும் சரியல்ல. ஆசிரியரை நியமிக்கவோ, மாற்றவோ அவருக்கு அதிகாரம் இல்லை. 'எமிஸ்' பதிவு, இலவச சைக்கிள், காலை உணவு, திடீர் மீட்டிங் என்று பாதி நாள் ஓடிவிடுகிறது. கண்டிப்பான தலைமை ஆசிரியரை பிடிக்காமல் கீழே இருப்பவர்கள் வேண்டுமென்றே மார்க்கை குறைக்கவும் வாய்ப்பு இருக்கிறது. ஊர் பகையும், சாதியும் பள்ளி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடும் என்று சொல்ல முடியாது.

அதனால்தான் ஒருவர் மட்டும் மார்க் போடக்கூடாது. ஆசிரியர், பெற்றோர், அதிகாரி என மூன்று தரப்பும் சேர்ந்து சொல்ல வேண்டும். குறை தெரிந்தால் டோஸ் விடுவதற்கு முன் உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். உதவி கிடைத்தும் திருந்தாதவரிடம் கேள்வி கேட்கவும் வேண்டும். இது மூன்றும் இல்லாவிட்டால் எத்தனை படிவம் அடித்தாலும் மத்திய பிரதேச கதைதான் இங்கேயும்.

தனியார் பள்ளியில் பணம் கட்டுகிறவர் பிடிக்கவில்லை என்றால் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்கு போய்விடுவார். தினக்கூலிக்காரருக்கு அந்த வசதி இல்லை. தெருமுனை அரசு பள்ளியே அவருக்கு கதி. "எச்.எம். எப்படி?" என்று அவர் அக்கம்பக்கத்தில் மட்டும் கேட்டால் போதாது. மேலாண்மை குழு கூட்டத்திலும் எழுந்து கேட்க வேண்டும். கேட்பவருக்கு பதில் சொல்லும் நிலையை அரசு உருவாக்க வேண்டும் என்பதே பெற்றோரின் எதிர்பார்ப்பு.