விரைவுச்சாலை முடிந்தாலும் முடியாத வேகம்

மும்பை-புணே விரைவுச்சாலையில் கார்களுக்கு வேக வரம்பு மணிக்கு 100 கி.மீ. லோனாவளா தாண்டி அந்த வேகத்திலேயே வந்தவர், கிவளேயில் அச்சாலை முடிந்ததும் பழைய நெடுஞ்சாலையைப் பிடித்து, நிகடி வழியாக, புணேயை ஒட்டிய ஆகுர்டிக்குள் நுழைகிறார். வேகத்தை 60-க்குக் குறைத்தால் வண்டி ஊர்வதாகவே அவருக்குத் தோன்றும். வேகத்துக்குப் பழகிய கண்ணை நம்ப முடியாது. ஸ்பீடோமீட்டர் முள்ளைத்தான் பார்க்க வேண்டும். 60 என்றால் நொடிக்குப் பதினேழு மீட்டர். குறுக்கே வருபவரைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் அவ்வளவு தூரம் ஓடியிருக்கும்.

விரைவுச்சாலையில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் பாதசாரிக்கும் இடமில்லை. ஆகுர்டியில் அவர்கள்தான் பெரும்பான்மை. பஜாஜ் ஸ்கூட்டர் பிறந்த ஊர் வேறு. இங்கே நெடுஞ்சாலை நடுவில் வேகத்தடம், ஓரத்தில் சர்வீஸ் ரோடு என்று பிரிந்து கிடக்கிறது. இடையிடையே உள்ள திறப்புகளில்தான் ஓட்டுநரின் யோக்கியதை தெரியும். வலது ஓரத்தில் பறந்துவந்தவர், திறப்பு கண்ணில் பட்டதும் இண்டிகேட்டர்கூடப் போடாமல் இடப்பக்கம் வெட்டுவார். கண்ணாடியில் தெரியாத கோணத்தில் வரும் பைக்காரர் என்ன செய்வார்? திறப்பைத் தவறவிட்டால் அடுத்ததில் இறங்கலாம். ஒரு கிலோமீட்டர் சுற்றினால் குடி முழுகிவிடாது.

லாரிக்காரர்களின் வழக்கம் வேறு. புணேயின் தெற்கே, கத்ரஜ் புதிய சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை நீண்ட இறக்கம். 2022 நவம்பர் 20 இரவு அங்கே ஒரு லாரி அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட வாகனங்களை இடித்தது. டீசலை மிச்சப்படுத்த என்ஜினை அணைத்து நியூட்ரலில் இறங்கியதே காரணம் என்று போலீஸ் தரப்பில் சொல்லப்பட்டது. நியூட்ரலில் விட்டால் என்ஜினின் பிடிமானம் போய்விடும். பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். அது சூடேறி வலுவிழக்கும். என்ஜினையும் அணைத்தால் ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்ப ஆளில்லை. மிச்சமாகும் டீசலோ சொற்பம்.

இதையெல்லாம் ஓட்டுநரின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. 2016-இல் 151 பேரைப் பலிகொண்ட மும்பை-புணே விரைவுச்சாலையில் தடுப்புகளைச் சீரமைத்து, ரோந்தையும் கண்காணிப்பையும் கூட்டியபின் சாவுகள் குறைந்தன. 2024 முதல் கேமராக்களும் வேகத்தை அளக்கின்றன. அந்த அக்கறை கிவளேயோடு நின்றுவிடக் கூடாது. 100, 80, 60, 50 என்று வரம்பைப் படிப்படியாக இறக்கும் பலகைகள், சக்கரத்தை அதிரவைக்கும் குறுக்குப் பட்டைகள், திறப்புகளுக்கு வெகுமுன்பே அறிவிப்பு ஆகியவை நிகடிக்கு முன்னாலேயே வேண்டும். நிகடியின் பக்தி சக்தி சௌக் வரை நீளும் மெட்ரோ பணி முடிந்து சாலையை மறுபடி போடும்போது இவற்றைச் சேர்த்தால் செலவும் குறைவு. சென்னைப் பக்கம், செங்கல்பட்டிலிருந்து பெருங்களத்தூருக்குள் பாய்ந்துவரும் வண்டிகளுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.