பெயரைப் பார்த்துக் குழி தோண்டலாமா?

(மூன்றாம் ஆண்டு, வேதிப் பொறியியல் பிரிவு)

வைரம் என்றதும் உங்களுக்கு மூக்குத்தி ஞாபகம் வரும். இல்லாவிட்டால் சினிமாவில் வில்லன் கைமாற்றும் சூட்கேஸ் ஞாபகம் வரும். எனக்கு இப்போதெல்லாம் நம்ம கெமிஸ்ட்ரி லேப்தான் ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

வைரம் எரிமலைப் பாறையில் பிறப்பதில்லை. பூமிக்குள் சுமார் 150 கிலோமீட்டருக்கும் கீழே பிறக்கிறது. கிம்பர்லைட், லாம்ப்ராய்ட் எனும் எரிமலைப் பாறைகள் அதை மேலே ஏற்றி வந்த லாரிகள், அவ்வளவுதான். லாரி வந்துவிட்டது என்பதற்காக உள்ளே சரக்கு இருக்கிறது என்று சொல்ல முடியுமா? ஆந்திராவில் அனந்தபூர் மாவட்டம் வஜ்ரகரூர் கிம்பர்லைட்டில் வைரம் உண்டு. மழை பெய்தால் ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு நிலத்தில் கல் தேடுகிறார்கள். தெலங்கானாவில் நாராயண்பேட்டைப் பக்கமும் கிம்பர்லைட் நிறைய இருக்கிறது, வைரம்தான் அகப்படவில்லை. பெயர் ஒன்றுதான், பலன் வேறு.

"சந்தேகமிருந்தா தோண்டிப் பார்த்துட வேண்டியதுதானே?" என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல சுரங்கத்திலேயே ஒரு டன் பாறைக்கு ஒரு காரட், அதாவது 0.2 கிராம், கிடைத்தால் பெரிய விஷயம். அதைத் தோண்டித்தான் தெரிந்துகொள்வது என்றால் டன் கணக்கில் பாறையை உடைக்க வேண்டும்.

இங்கேதான் வேதியியல் வருகிறது. வைரம் அபூர்வம், ஆனால் அது பிறந்த இடத்திலிருந்து கூடவே வந்த சிவப்பு, ஊதா நிற கார்னெட் மணிகள் அவ்வளவு அபூர்வமில்லை. சோவியத் நாட்டின் நிக்கோலாய் சோபலெவும் தென்னாப்பிரிக்காவின் ஜான் கர்னியும் இதை ஆராய்ந்தார்கள். வைரத்துக்குள்ளேயே சிக்கியிருக்கும் ஒரு வகைக் கார்னெட்டில் குரோமியம் அதிகம், கால்சியம் குறைவு. அதே ரகம் பாறையிலும் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். (நவரத்தினத்தில் வரும் கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான். ஆனால் அது கால்சியம் கார்னெட், இந்த வேலைக்கு உதவாது!) இல்மனைட் என்ற கனிமத்தையும் பார்க்கிறார்கள். அதில் ஃபெர்ரிக் இரும்பு அதிகமாக இருந்தால், வரும் வழியிலேயே ஆக்சிஜன் வைரத்தைத் தின்றிருக்கலாம் என்று அர்த்தம். ஃபெரஸ், ஃபெர்ரிக் என்று நாம் மனப்பாடம் செய்தோமே, அதேதான்!

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் பலிக்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவில் 1979-இல் கண்டுபிடித்த ஆர்கைல், கிம்பர்லைட்டே அல்ல, லாம்ப்ராய்ட். அங்கே இந்த நல்ல கார்னெட் மிகக் குறைவு. ஆனாலும் 2020-இல் மூடும்வரை வைரம் கொட்டியது. அங்கே வைரம் வேறு வகை ஆழ்பாறையில் பிறந்தது, அதற்கு வேறு அடையாளம் பார்க்க வேண்டும். கடைசியில் எத்தனை காரட் என்பதைத் தோண்டித்தான் சொல்ல முடியும். ஆனாலும் என் கட்சி இதுதான்: முதலில் லேப், பிறகுதான் குழி.

நாம் லேபில் என்ன செய்கிறோம்? சால்ட் அனாலிசிஸில் "இல்லை" என்று வந்தால் பயந்துபோய் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுகிறோம். "இல்லை" என்பதும் ரிசல்ட்தானே ஐயா! எங்க தோட்டத்தில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்து ஒருவர் இடம் காட்டினார். அப்பா கடன் வாங்கி 60 அடி வெட்டினார். வெறும் பாறை. கடன் அடைய நாலு வருஷம் ஆச்சு.

போன லீவில் இந்தக் கார்னெட் கதையை அப்பாவிடம் சொன்னேன். வைரத்தைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. "அப்ப வெட்டறதுக்கு முன்னாடியே இல்லேன்னு சொல்லிடுவாங்களா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.