கர்ப்பகால பி.பி.: எட்டாம் மாதம் தெரியும் சிக்கல், மூன்றாம் மாதத்திலேயே தொடங்குவது எப்படி?

எட்டாம் மாதச் செக்கப். பி.பி. மெஷின் 150/100 காட்டுகிறது. சிறுநீரில் புரதம் போகிறது. டாக்டர் உடனே அட்மிஷன் எழுதுகிறார். அன்று சாயங்காலமே வீட்டில் விசாரணை ஆரம்பம். ‘ஊறுகாய் வேணாம்னு எத்தனை வாட்டி சொன்னேன்?’, ‘ஆபீஸ் டென்ஷனை வீட்டுக்குக் கொண்டு வராதேன்னா கேட்டாதானே!’ ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் பெண், தப்பு தன் மேல்தான் என்று நம்பத் தொடங்குகிறார்.

உண்மை வேறு. ப்ரீஎக்ளாம்ப்சியா எனப்படும் இந்தச் சிக்கல் ஊறுகாயிலோ டென்ஷனிலோ தொடங்குவதில்லை. அதிலும் பிரசவ தேதிக்கு வெகு முன்பே தீவிரமாக வரும் வகைக்கான காரணம், கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களிலேயே கர்ப்பப்பையின் உட்சுவரில் உருவாகிவிடுகிறது. தாயின் நோய் எதிர்ப்பு செல்களும் கருவின் செல்களும் சேர்ந்து அங்கே ரத்தக் குழாய்களைத் திருத்தி அமைக்கின்றன. அந்த வேலை அரைகுறையாக நின்றுபோனால், விளைவு மாதங்கள் கழித்து பி.பி. மெஷினில் தெரிகிறது.

முதல் 12 வாரங்களில் உள்ளே என்ன நடக்கிறது?

கர்ப்பப்பைச் சுவருக்குள் ஸ்ப்ரிங் மாதிரி சுருண்டு ஓடும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் உண்டு. சுருள் தமனிகள் என்று பெயர். இவற்றின் சுவரில் தசை இருப்பதால் சுருங்கவும் விரியவும் முடியும். சாதாரண நாட்களுக்கு அது சரி. ஆனால், நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் அதிகமான ரத்தம் வேண்டும். இந்த ஒல்லிக் குழாய்கள் அதற்குப் போதாது.

எனவே கருவின் வெளிப்புறத்தில் இருந்து நஞ்சுக்கொடியை உருவாக்கும் செல்கள், தாயின் கர்ப்பப்பைச் சுவருக்குள் நுழைகின்றன. சுருள் தமனிகளின் தசை கரைகிறது. குழாயின் வாய் 5 முதல் 10 மடங்கு வரை அகலமாகிறது. அதன் பிறகு அந்தக் குழாய் சுருங்காது. ரத்தம் பீய்ச்சி அடிக்காமல் நிதானமாக நஞ்சுக்கொடிக்குள் இறங்கும்.

இன்னொரு ஆச்சரியம்: ஆரம்ப வாரங்களில் இதே செல்கள்தான் தமனிகளின் வாயைத் தக்கை போல அடைத்தும் வைக்கின்றன. அதுவரை கரு, கர்ப்பப்பைச் சுரப்பிகள் தரும் சத்தில், குறைந்த ஆக்சிஜனில் வளர்கிறது. மூன்றாம் மாத இறுதியை ஒட்டித்தான் தக்கைகள் விலகி, ரத்த ஓட்டம் முழுமையாகத் தொடங்குகிறது. குழாய்களை அகலப்படுத்தும் வேலை ஏறக்குறைய 20-வது வாரம் வரை நீடிக்கும்.

இதில் நோய் எதிர்ப்பு செல்களுக்கு என்ன வேலை?

1953-ல் பிரிட்டன் விஞ்ஞானி பீட்டர் மெடாவர் ஒரு கேள்வி கேட்டார். கருவின் மரபணுக்களில் பாதி அப்பாவுடையது. வேறொருவரின் உறுப்பைப் பொருத்தினால் எதிர்க்கும் உடல், கருவை மட்டும் ஏன் எதிர்ப்பதில்லை? (உறுப்பு மாற்று தொடர்பான ஆய்வுகளுக்காக 1960-ல் நோபல் பரிசு பெற்றவர் இவர்.)

கர்ப்பப்பையில் எதிர்ப்பு மண்டலம் தூங்கிவிடும் என்பது எளிதான பதில். ஆனால், அங்கே பார்த்தால் நேர்மாறாக இருந்தது. முதல் மூன்று மாதங்களில் கர்ப்பப்பையின் உட்சுவரில் இருக்கும் வெள்ளை அணுக்களில் சுமார் 70 சதவீதம் ஒரே வகை: இயற்கைக் கொல்லி செல்கள், சுருக்கமாக என்.கே. செல்கள்.

பெயரைக் கேட்டாலே பகீர் என்கிறது. வைரஸ் தாக்கிய செல்களையும் புற்றுநோய் செல்களையும் கொல்லும், ரத்தத்தில் உள்ள உறவினர்களிடமிருந்து வந்த பெயர் இது. கர்ப்பப்பையில் இருப்பவை குணத்தில் வேறு. ரத்தக் குழாய் வளரத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. தமனிச் சுவரைத் தளர்த்தி, கருவின் செல்களுக்கு வழிவிடுகின்றன. கனடாவைச் சேர்ந்த ஆன் கிராய் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வில், என்.கே. செல்கள் இல்லாத எலிகளில் சுருள் தமனிகள் அகலமாகவே இல்லை. அந்தச் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமாவை ஊசியாகக் கொடுத்தபோது மாற்றம் நடந்தது. கொத்தனாரை இத்தனை நாள் அடியாள் என்று நினைத்திருக்கிறோம்!

எங்கே தப்புகிறது?

கருவின் செல்கள் எச்.எல்.ஏ.-சி என்ற அடையாளப் புரதத்தைக் காட்டுகின்றன. தாயின் என்.கே. செல்கள் ‘கிர்’ எனப்படும் ஏற்பிகளால் அதைப் படிக்கின்றன. சில ஜோடிகள் சேரும்போது ‘வேலையைத் தொடங்கு’ என்ற சிக்னல் கிடைக்கிறது. சில ஜோடிகளில் ‘சும்மா இரு’ என்ற சிக்னல் ஓங்கிவிடுகிறது.

கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட் உள்ளிட்டோர் 2004-ல் காட்டியது இதைத்தான்: என்.கே. செல்களை அதிகம் அடக்கும் ஜோடி அமைந்த கர்ப்பங்களில் ப்ரீஎக்ளாம்ப்சியா ஆபத்து கூடுகிறது. அதாவது, இந்தச் செல்கள் துள்ளுவதைவிட, அடங்கிப்போவதுதான் இங்கே சிக்கல்.

குழாய் சரியாக விரியாத நஞ்சுக்கொடி திணறுகிறது. அப்போது எஸ்.எஃப்.எல்.டி.-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறி தாயின் ரத்தத்தில் விடுகிறது. இது, ரத்தக் குழாய்களைப் பராமரிக்கும் புரதங்களைப் பிடித்து முடக்கிவிடும். தாயின் பி.பி. ஏறுகிறது, சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது. 2003-ல் இந்தத் தொடர்பைக் கண்டறிந்த பாஸ்டன் குழுவை வழிநடத்திய அனந்த் கருமாஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

அப்போ ‘என்.கே. செல் டெஸ்ட்’ எடுக்கலாமா?

கரு அடிக்கடி கலையும் தம்பதிகளிடமும், ஐ.வி.எஃப். தோல்வியடைந்தவர்களிடமும் இந்த டெஸ்ட் விற்கப்படுகிறது. ‘எண்ணிக்கை அதிகமா இருக்கு, அடக்கணும்’ என்று ஸ்டீராய்டு, இன்ட்ராலிப்பிட், இம்யூனோகுளோபுலின் சொட்டு மருந்து என்று பில் நீள்கிறது. ஆனால் கையில் எடுக்கும் ரத்தத்தில் இருப்பவை வேறு வகை என்.கே. செல்கள்; கர்ப்பப்பைக்குள் நடப்பதை அவை சொல்லாது. இந்த டெஸ்ட்டையும் இன்ட்ராலிப்பிட், இம்யூனோகுளோபுலின் சிகிச்சைகளையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்பதே ஐரோப்பிய கருத்தரிப்பு நிபுணர்கள் சங்கமான ‘எஸ்ரே’ 2023-ல் வெளியிட்ட பரிந்துரை.

எதிர்ப்பு மண்டலம் சார்ந்த எல்லா டெஸ்ட்டும் வீண் என்று அர்த்தமில்லை. தொடர்ந்து கரு கலைபவர்களுக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை அவசியமானது. அதற்கு முறையான சிகிச்சையும் உண்டு. ஆனால் ‘கொல்லி’ என்ற பெயரைக் காட்டிப் பயமுறுத்தி, கட்டுமான வேலை செய்யும் செல்களை அடக்க மருந்து விற்பதை மருத்துவம் என்று ஏற்க முடியாது. ‘இதற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு தம்பதிக்கும் உண்டு.

என்ன செய்யலாம்?

நிரூபணமான வழி விலை மலிவானது. பல மருத்துவமனைகளில் ஆபத்து அதிகமுள்ள 1,600-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2017-ல் வெளியான ‘ஆஸ்ப்ரே’ ஆய்வில், 11 முதல் 14 வாரங்களுக்குள் தொடங்கி இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின் எடுத்தவர்களில், 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீஎக்ளாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது.

முந்தைய கர்ப்பத்தில் இந்தச் சிக்கல் வந்தவர்கள், ஏற்கெனவே பி.பி., சர்க்கரை, சிறுநீரக நோய், லூபஸ் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் ஆகியோர் இதை டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். தாங்களாக மாத்திரை வாங்கிப் போடக் கூடாது.

முக்கியமானது, நேரம். தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்காக 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்வதைப் பலர் வெறும் பேப்பர் வேலையாக நினைக்கிறார்கள். ஆஸ்பிரின் தேவையா என்று முடிவெடுக்க வேண்டிய வாரங்களும் அவையே. ‘மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்’ என்பது நம் வீடுகளின் வழக்கம். சொந்தக்காரர்களுக்கு அப்படியே இருக்கட்டும். டாக்டருக்கும் கிராம செவிலியருக்கும் மட்டும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.