டைரீசியஸ் ஏன் வாய் திறக்க மறுத்தார்?

இரண்டு முறை ஆள் அனுப்பிய பிறகுதான் தீர்க்கதரிசி டைரீசியஸ் வருகிறார். தீப்ஸ் நகரத்தைக் கொள்ளைநோய் தின்றுகொண்டிருக்கிறது. முந்தைய அரசன் லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்துத் தண்டித்தால்தான் நோய் தீரும் என்று டெல்ஃபியில் உள்ள அப்பல்லோ கோயிலிலிருந்து வாக்கு வந்திருக்கிறது. ஒரு சிறுவன் கைபிடித்து அழைத்துவர, பார்வையற்ற அந்தக் கிழவர் அரசன் ஈடிபஸின் முன்னால் நிற்கிறார். வந்த சற்று நேரத்திலேயே, என்னை வீட்டுக்கு அனுப்பிவிடு என்கிறார். அரசன் கெஞ்சுகிறான், அதட்டுகிறான், கொலைக்குத் திட்டம் போட்டதே நீதான் என்று பழி சுமத்துகிறான். அதற்குப் பிறகே அந்த வார்த்தை வெளியே வருகிறது: நீ தேடும் கொலைகாரன் நீயேதான்.

‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தில் சோபோக்ளிஸ் எழுதிய இந்தக் காட்சியை வைத்துத்தான் கிரேக்கத் துன்பியலைப் பற்றிய பொதுவான எண்ணம் உருவாகியிருக்கிறது. மனிதன் விதியின் கைப்பாவை, தீர்க்கதரிசி அந்த விதியின் குரல், நாடகம் என்பது தப்பிக்க முடியாதவன் மாட்டிக்கொள்வதைப் பார்ப்பது. பாடப்புத்தகங்கள் வரைக்கும் வேரூன்றிவிட்ட இந்த எண்ணத்தை நாடகமே ஆதரிக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து.

திரை விலகுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தந்தை லாயஸின் கொலையும் தாய் யொகாஸ்டாவுடனான திருமணமும் நடந்து முடிந்துவிட்டன. நாம் பார்ப்பது ஒரே ஒரு நாளை. அந்த நாளில் ஈடிபஸ் செய்யும் எதையும் யாரும் அவனைக் கட்டாயப்படுத்திச் செய்யவைக்கவில்லை. டெல்ஃபிக்கு ஆள் அனுப்பியது அவன். கொலைகாரனை ஊரறியச் சபித்தது அவன். நிறுத்து என்று மூன்று பேர் மன்றாடுகிறார்கள்: முதலில் டைரீசியஸ், பிறகு யொகாஸ்டா, கடைசியில் அவன் பிறப்பை அறிந்த கிழட்டு இடையன். மூவரையும் மீறி அவன் கேட்டுக்கொண்டே போகிறான். கண்ணிழந்து கோலூன்றிப் போவாய் என்று டைரீசியஸ் முன்கூட்டியே சொல்கிறார், உண்மைதான். ஆனால் முன்கூட்டிச் சொல்வது வேறு, செய்யவைப்பது வேறு. யொகாஸ்டாவின் ஆடையில் குத்தியிருந்த ஊசிகளை எடுத்துக் கண்களைக் குத்திக்கொண்ட பிறகு ஈடிபஸே இரண்டையும் பிரித்துச் சொல்கிறான்: துயரங்களைக் கொண்டுவந்தவன் அப்பல்லோ, கண்ணில் குத்திய கை என்னுடையது. ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஈ.ஆர். டாட்ஸ் 1966இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் வலியுறுத்தினார்: மேடையில் நாம் காணும் ஈடிபஸ் தொடக்கம் முதல் முடிவு வரை சுதந்திரமாகவே நடந்துகொள்கிறான்.

அப்படியானால் பார்வையற்ற தீர்க்கதரிசிக்கு அங்கே என்ன வேலை? அவர் விதியை நடத்திவைக்க வரவில்லை. அதிகாரத்தில் இருப்பவனுக்குப் பிடிக்காத உண்மை காதில் விழும்போது அவன் என்ன செய்கிறான் என்று சோதிக்க வருகிறார். ஈடிபஸும் சரி, ‘ஆன்டிகனி’ நாடகத்தின் அரசன் கிரேயோனும் சரி, அவரைப் பார்த்துச் சொல்வது ஒன்றையே: நீ காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாய்.

ஏதென்ஸின் பார்வையாளர்களுக்கு அந்தக் குற்றச்சாட்டு அபத்தமாகப் பட்டிருக்காது. நிமித்தம் பார்ப்பது அங்கே ஒரு தொழில். பலியிட்டுக் குறி பார்க்காமல் படை நகராது. அரசியலிலும் நிமித்திகர்களுக்குப் பங்கு இருந்தது. ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸுக்கு நெருக்கமான நிமித்திகர் லாம்ப்பனைப் பற்றி புளூட்டார்க் ஒரு கதை சொல்கிறார். பெரிக்ளீஸின் நிலத்திலிருந்து ஒற்றைக் கொம்புள்ள ஓர் ஆட்டுக்கிடாயின் தலையைக் கொண்டுவந்தார்களாம். இரண்டு கட்சிகளாகக் கிடக்கும் நகரம் இந்த அறிகுறி யாரிடம் வந்ததோ அவர் கைக்குப் போகும் என்றார் லாம்ப்பன். தத்துவவாதி அனக்ஸாகொரஸ் மண்டையோட்டைப் பிளக்கச் சொல்லி, மூளை முழுதும் பரவாமல் கொம்பின் அடியில் குவிந்திருப்பதைக் காட்டினார். அன்றைக்குப் பாராட்டு அனக்ஸாகொரஸுக்கு. பெரிக்ளீஸின் எதிரி வீழ்ந்த பிறகு பாராட்டு லாம்ப்பனுக்கு. புளூட்டார்க் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து எழுதியவர், கதை அப்படியே நடந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் நிமித்திகரின் வாக்கு தலைவருக்கு எவ்வளவு இனிப்பாக அமைந்துவிடுகிறது என்பது இதில் தெரிகிறது. இப்படிப்பட்ட ஆட்களைத் தினமும் பார்த்த மக்கள் முன்னால்தான், தலைவனுக்குக் கசப்பதை மட்டுமே சொல்லும் ஒரு நிமித்திகரைக் கொண்டுவந்து நிறுத்தினார் சோபோக்ளிஸ்.

பார்வையின்மைக்கும் தீர்க்கதரிசனத்துக்கும் முடிச்சுப் போடுவது கிரேக்கர்களின் பழைய வழக்கம். ஹெரோடோட்டஸ் சொல்லும் யூவீனியஸின் கதை எனக்கு மறக்க முடியாதது. அப்பொல்லோனியா நகரில் சூரியனுக்கு நேர்ந்துவிட்ட ஆடுகளைக் காவல் காத்தவர் அவர். ஒரு நாள் அசந்து தூங்கிவிட, ஓநாய்கள் அறுபது ஆடுகளைக் கொன்றுவிட்டன. ஊரார் அவருடைய கண்களைப் பிடுங்கினார்கள். அதன்பின் ஆடுகள் ஈனவில்லை, நிலம் விளையவில்லை. அவர் கேட்கும் நஷ்டஈட்டைக் கொடுங்கள் என்று குறி வந்தது. அதை மறைத்துவிட்டு, ஊர்ப் பிரதிநிதிகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுவாக்கில், என்ன கொடுத்தால் உன் மனம் ஆறும் என்று கேட்டார்கள். இரண்டு நல்ல நிலங்களும் ஒரு நல்ல வீடும் என்றார். அதோடு கணக்கை முடித்துக்கொண்டார்கள். ஏமாற்றப்பட்டது தெரிந்து அவர் கொதித்தார். குறி சொல்லும் ஆற்றல் அவருக்கு அதற்குப் பிறகு வந்தது. கண்ணைப் பறித்ததும் ஊர், ஏய்த்ததும் அதே ஊர்.

டைரீசியஸுக்குப் பார்வை போனதற்குப் புராணங்களில் பல காரணங்கள் உண்டு. அதீனா குளிப்பதைப் பார்த்துவிட்டார் என்பது ஒன்று. சோபோக்ளிஸ் எந்தக் காரணமும் சொல்வதில்லை. ‘ஆன்டிகனி’யில் அவர் காட்டுவது கிழவர் வேலை செய்யும் விதத்தை. பறவை நிமித்தம் பார்ப்பவருக்குப் பறவைகள் தெரியாது. அவர் தன் பழைய இருக்கையில் அமர்ந்து காதால் கேட்கிறார். அன்று பறவைகளின் குரல் வெறிபிடித்ததுபோல் இருக்கிறது, சிறகடிப்பிலிருந்து அவை ஒன்றையொன்று கிழிப்பது புரிகிறது. பயந்துபோய் பலியிடுகிறார், தீ பற்றவில்லை. கொழுப்பு உருகிச் சாம்பலில் ஒழுகிப் புகைகிறது, பித்தம் வெடித்துச் சிதறுகிறது. இதையெல்லாம் பார்த்துச் சொன்னவன் அந்தச் சிறுவன். கிரேயோனின் ஆணையால் புதைக்கப்படாத, ஈடிபஸின் மகன் பாலினைசிஸின் சதையை நாய்களும் பறவைகளும் பீடங்களுக்கே கொண்டுவந்துவிட்டன என்ற செய்தி, ஒரு குழந்தையின் கண் வழியாகவும் ஒரு கிழவரின் வாய் வழியாகவும் அரசனிடம் வந்து சேர்கிறது.

ஈடிபஸைப் போலன்றி கிரேயோன் பணிந்துவிடுகிறான். அண்ணனைப் புதைக்க முயன்றதற்காகக் குகையில் அடைக்கப்பட்ட ஆன்டிகனியை முதலில் விடுவி, பிறகு பிணத்தை அடக்கம் செய் என்று முதியோர் குழு சொல்கிறது. அவன் பிணத்தை முதலில் கவனிக்கப் போகிறான். குகைக்குப் போய்ச் சேரும்போது ஆன்டிகனி தூக்கில் தொங்குகிறாள். வரிசையை மாற்றியது கிரேயோன். விதியின் பங்கு அதில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த நாடகங்களைப் பார்த்த தலைமுறைதான் கி.மு. 415இல் சிசிலிப் படையெடுப்புக்கு வாக்களித்தது. கி.மு. 413 ஆகஸ்ட் 27 இரவு, சைரக்யூஸிலிருந்து பின்வாங்கத் தயாராக நின்ற படையின் தலைக்கு மேல் சந்திர கிரகணம். தளபதி நிகியாஸ் நிமித்திகர்கள் சொன்னபடி மூன்று ஒன்பது நாட்கள், அதாவது இருபத்தேழு நாட்கள், நகர்வதில்லை என்றார். வீரர்களில் பெரும்பாலானோரும் அதையே விரும்பினார்கள். படை அழிந்தது. ஏழாயிரத்துக்குக் குறையாத கைதிகள் கல்குவாரிகளில் அடைக்கப்பட்டார்கள். செய்தி வந்தபோது ஏதென்ஸ் மக்கள் பேச்சாளர்கள்மீது பாய்ந்தார்கள், தாங்கள் வாக்களிக்காததுபோல. குறி சொன்னவர்கள்மீதும் நிமித்திகர்கள்மீதும் பாய்ந்தார்கள். இதை எழுதிவைத்த துசிடிடீஸ், ஸ்பார்டாவுடனான அந்த நீண்ட போரில் கி.மு. 424இல் தானே ஒரு தளபதியாக இருந்தவர்.

சோபோக்ளிஸின் சமகாலத்தவரான யூரிபிடிஸின் டைரீசியஸ் வேறு ஆள். ‘பாக்கே’யில் மான்தோல் போர்த்திக்கொண்டு தள்ளாத வயதில் டயோனைசஸுக்காக ஆடப் புறப்படுகிறார், வாதங்களை அடுக்குகிறார். அவரிடம் பழைய அச்சம் இல்லை.

சோபோக்ளிஸ் கி.மு. 406இல், தொண்ணூறு வயதளவில் இறந்தார். அவருடைய கடைசி நாடகமான ‘கொலோனஸில் ஈடிபஸ்’ கி.மு. 401இல் அரங்கேறியது, ஏதென்ஸ் போரில் தோற்றுச் சரணடைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மேடையேற்றியவர் அவருடைய பேரன். அதில் ஈடிபஸ் பார்வையற்ற கிழவன், மகளின் கைபிடித்து வருகிறான், வருவதை உரைக்கிறான். அவனைத் தூக்கிச் செல்ல வந்த கிரேயோன், ஏதென்ஸ் அரசன் தீசியஸின் முன்னால் பழைய பாவங்களைச் சொல்லி இழிவுபடுத்துகிறான். ஈடிபஸ் இப்போது தலைகுனியவில்லை. அறியாமல் செய்தேன், தெய்வங்கள் அப்படி நடத்தின என்கிறான். பிறகு கிரேயோனிடம் ஒரு கேள்வி: இங்கேயே ஒருவன் உன்னைக் கொல்ல வந்தால், நீ என் அப்பாவா என்று விசாரிப்பாயா, திருப்பி அடிப்பாயா? கிரேயோன் அதற்குப் பதில் சொல்வதில்லை. பேச்சு போதும், ஈடிபஸின் மகள்களைக் கடத்தியவர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், நாம் நின்றுகொண்டிருக்கிறோம் என்று சொல்லி, தீசியஸ் அவனையே வழிகாட்டச் சொல்லி இழுத்துக்கொண்டு போகிறான்.