பன்றிக் கணையமும் பப்பாளிப் பாலும்

தோழர்களே, ஒரு டப்பாவைப் பற்றி எழுதப் போகிறேன். உள்ளே அறுபது கேப்சூல். மேலே கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக் குழந்தை சிரிக்கிறது. செரிமான நொதிகள் என்கிறது லேபிள். எங்க அக்கா மகனுக்கு அஞ்சு வயசு, ஆட்டிசம், இன்னும் பேச்சு வரவில்லை. பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் தெரபி மையம் இந்த டப்பாவை மாசாமாசம் வாங்கச் சொல்லியிருக்கிறது. அக்கா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள். ஒரு டப்பாவுக்கு அவளுடைய நாலு நாள் கூலி போகிறது. "குடல் சரியானா மூளை சரியாயிரும்மா"ன்னு சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இந்தக் குடல் கதை எங்கிருந்து வந்தது? 1979இல் ஜாக் பாங்க்செப் என்கிற நரம்பியல் அறிஞர், மூளையில் சுரக்கும் அபின் போன்ற பொருட்களுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஊகம் செய்தார். பின்னால் வந்தவர்கள் அந்த ஊகத்தைக் குடலுக்குள் இழுத்துப் போனார்கள். கோதுமையின் குளூட்டனும் பாலின் கேசினும் பாதி செரித்து அபின் மாதிரித் துண்டுகளாகின்றன, அவை குடலில் கசிந்து மூளைக்குப் போகின்றன, நொதி கொடுத்தால் அந்தத் துண்டுகள் உடைந்துவிடும், பிள்ளை பேசும். கேட்க நல்லாத்தான் இருக்கு. எங்க வளவுக்கு வந்து சொல்லுங்கள். இந்தப் பையன் வளர்ந்தது ரேசன் அரிசியில். சப்பாத்தி தொட்டதில்லை. மாட்டுப்பால் என்று அவன் கண்டது டீயில் கலந்ததுதான். எந்தக் கோதுமை, எந்தக் கேசின் அவன் பேச்சைப் பிடுங்கியது?

ஒரு பையனை வைத்து ஒரு கோட்பாட்டை உடைக்க முடியாது என்பீர்கள். சரி, ஆய்வுக்கே வருவோம். 1998இல் கணையத்தைத் தூண்டுகிற செக்ரெட்டின் என்ற ஹார்மோனைச் செலுத்தியதில் மூன்று பிள்ளைகள் தெளிந்தார்கள் என்று அமெரிக்காவில் ஒரு அறிக்கை வந்தது. பெற்றோர் கூட்டம் அலைமோதியது. அடுத்த வருசமே 60 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு செக்ரெட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி முன்னேறியது. அதாவது உப்புத் தண்ணி போட்ட பிள்ளையும் "தேறிவிட்டான்". முடிவைச் சொன்ன பிறகும் பெரும்பாலான பெற்றோர் செக்ரெட்டின் வேண்டும் என்றார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை. எங்க அக்காவும் அப்படித்தான் கேட்பாள்.

நொதிக்கு வருவோம். 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 43 பிள்ளைகள். மூன்று மாதம் நொதி, மூன்று மாதம் போலி மாத்திரை, எது எப்போது என்று தாய்க்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நடத்தையிலோ தூக்கத்திலோ வயிற்றுத் தொல்லையிலோ சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. சாப்பிடும் உணவு வகையில் மட்டும் சின்ன வித்தியாசம். 2015இல் எகிப்தில் 101 பிள்ளைகளிடம் பலன் கண்டதாக ஒரு ஆய்வு வந்தது. 2023இல் அமெரிக்காவில் ஒன்று, எரிச்சல் கொஞ்சம் குறைந்தது என்றது. அதை நடத்தியதே மருந்தை விற்கக் காத்திருந்த கம்பெனி. இதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் மறைக்கிற வேலை நமக்கு வேண்டாம். பிள்ளை பேசினான் என்று எவனும் நிரூபிக்கவில்லை. அதே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் இருக்கும். 2016இன் உணவுப் பாதுகாப்பு விதி அப்படிப் போடச் சொல்கிறது. லேபிளில் சட்டத்துக்குப் பயந்து ஒரு வார்த்தை, மையத்துக்குள்ளே எங்க அக்காவிடம் வேறு வார்த்தை.

இனி டப்பாவுக்குள் இருப்பதைப் பார்ப்போம். நொதி மாத்திரைகளில் ஒரு வகைக்கு பான்கிரியாட்டின் என்று பேர். பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. பன்றிக்கறி தின்கிறவன் என்று நம்மைத் தள்ளி நிறுத்துகிற வீட்டில் பன்றிக் கணையம் கேப்சூலுக்குள் ஏறியதும் மருந்தாகி, பூசையறை வரைக்கும் போகிறது. தீட்டு சரக்கில் இல்லை தோழர்களே, யார் கையால் வருகிறது என்பதில் இருக்கிறது.

இன்னொரு வகை பப்பைன். அது பப்பாளிப் பால். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கென்றே கோ.2, கோ.5 என்று பப்பாளி ரகங்கள் வெளியிட்டது. எங்க பக்கத்துத் தோட்டங்களில் விடியக்காலையில் பச்சைக் காயில் கீறல் போட்டு, வடிகிற பாலைப் பிடிப்பது நம் பெண்கள். புரதத்தைக் கரைக்கிற பால் அது. கறியை வேகவைக்க அதைத்தானே போடுகிறோம். விரலை மட்டும் விட்டுவிடுமா? என் பெரியம்மா ரெண்டு வருசம் அந்த வேலைக்குப் போனாள். விரல் நுனியில் தோல் உரிந்து, சோத்தில் உப்பு இருந்தால் கை வைக்க முடியாது. உறை கேட்டதற்கு, "அதெல்லாம் போட்டா வேகமா கீற முடியாது"ன்னார் தோட்டத்துக்காரர். அந்தப் பால் காய்ந்து, பொடியாகி, ஊர் ஊராகப் போய், வெள்ளைக் குழந்தை படத்தோடு எங்க வளவுக்கே திரும்பி வருகிறது. பெரியம்மா வடித்ததை நாலு நாள் கூலிக்கு அவள் மகள் முறைக்காரி வாங்குகிறாள்.

இதைவிட எனக்கு ஆத்திரம் மூட்டியது வேறு. பையன் என்னென்ன சாப்பிடுவான் என்று அந்த மையத்தில் கேட்டிருக்கிறார்கள். ஆட்டிசப் பிள்ளைகள் பலர் ரெண்டு மூணு பண்டத்துக்கு மேல் தொட மாட்டார்கள்; வாசமும் பதமும் ஒத்துவராது. இவன் தின்பது சோறு, முட்டை, மாட்டுக்கறி வறுவல். அக்கா உள்ளதைச் சொன்னாள். அந்த அம்மா முகம் மாறிப்போச்சு. "அதெல்லாம் குடுத்தா எப்படி? முதல்ல அத நிறுத்துங்க." ரெண்டு மாசம் நிறுத்தினாள். பையன் வெறும் சோத்தைத் தின்று மெலிந்துபோனான். நோய்க்குக் காரணம் தேடுகிற இடத்தில் நம் சட்டியைத் திறந்து பார்க்கிற புத்தி எந்த அறிவியலில் சேர்த்தி?

காரணத்தைத் தாய் தலையில் கட்டுவது புதுசும் இல்லை. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர், தாயின் அன்பில்லாத தன்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று புத்தகமே போட்டார். நம்ம ஊரில் அதற்கு முன்பே போன சென்மத்துப் பாவம் தயாராக இருந்தது. சேரியில் பிறந்ததற்கும் அதே பாவம், பேச்சு வராததற்கும் அதே பாவம். கர்மத்தை அம்பேத்கர் ஏன் அப்படிப் போட்டு அடித்தார் என்று இப்போதுதான் முழுசாக விளங்குகிறது. கர்மம் போய்க் கறி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வயிற்றைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் அதிகம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் தலையைச் சுவரில் முட்டும். அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். கணையம் சுரக்காத நோய் உள்ள பிள்ளைக்கு நொதி உயிர்மருந்துதான். பரிசோதித்துக் குறை கண்டவனுக்குக் கொடுப்பது வேறு, குறையே பார்க்காமல் ஆட்டிசம் என்ற பேருக்கு விற்பது வேறு.

இயக்கத் தோழர் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். "அவன் புள்ள திங்கற மருந்த நம்ம புள்ள திங்கக்கூடாதா? நமக்கு மறுத்ததையெல்லாம் நாமளே வேண்டாம்னு சொல்லணுமா?" என்றார். கோபம் நியாயம். ஆனால் மறுக்கப்பட்டது அந்த டப்பா இல்லை தோழர். டப்பாவை வீடு தேடி வந்து விற்கிறான். மறுக்கப்பட்டது பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், பஸ் ஏறாமல் போய்வரும் தூரத்தில் ஒரு பள்ளி. 1995 ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற வார்த்தையே கிடையாது. 2016 சட்டத்தில்தான் ஏறியது. அதன் 31ஆம் பிரிவுப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனச் சான்று உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. அக்கா மகனுக்கு அடுத்த வருசம் ஆறு வயசு. சான்று வாங்கியாச்சு. பள்ளியில் "இவனுக்கெல்லாம் இங்க ஆள் இல்ல"ன்னு சொன்னார்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதும் "அப்புறமா வாங்க"ன்னு ஆகிவிட்டது. இத்தனை வருசம் இரட்டைக் குவளைக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் மனு எழுதிய கை நம்முடையது. இந்த மனுவை இயக்கம் ஏன் இன்னும் எழுதவில்லை?

மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2013இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பக்கட்ட இடையீட்டு மையம் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அது எங்கே இருக்கிறது, பேச்சுப் பயிற்சியாளர் பணியிடம் நிரப்பியிருக்கிறதா, கடந்த வருசம் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், அதில் பட்டியல் சாதிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிக் கேளுங்கள். எங்க மாவட்டத்துக்கு நான் அனுப்பியாச்சு. பதில் வந்ததும் இதே பக்கத்தில் போடுவோம். அக்கா டப்பாவை நிறுத்திவிட்டாள். வறுவல் மறுபடி நடக்கிறது.